அத்தியாயம் 6: தெருவில் இறங்கும் ஆட்டம்

ஆடி பிறந்தால் சேலத்தில் தெருவுக்குத் தெரு பந்தல் முளைக்கும். திருமணிமுத்தாற்றங்கரையில் கோட்டை பெரிய மாரியம்மனுக்குப் பூச்சாட்டுகிற நாளையொட்டி குகை, செவ்வாய்ப்பேட்டை, அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை, அன்னதானப்பட்டி என்று பேட்டை அம்மன்கள் எல்லாருக்கும் நோம்பி தொடங்கிவிடும். கம்பம் நடுவார்கள். பம்பை முழங்கச் சக்தி அழைப்பார்கள். கரகம் எடுப்பார்கள், மாவிளக்கு கொண்டுபோவார்கள். அந்த நாட்களில் நகரத்தின் பாதிச் சாலைகளில் பேருந்து வழி மாறிப் போகும். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. தெரு அன்றைக்கு ஆடுகிறவர்களுக்குச் சொந்தம் என்பது ஊர் ஒப்புக்கொண்ட விஷயம்.

அந்த ஒப்புதல் உங்கள் ஊரிலும் இருக்கிறது. கோயில் நோம்பிக்கோ, பொங்கல் விழாவுக்கோ, பள்ளி நூற்றாண்டுக்கோ உள்ளூர்க் கலைஞர்களை வைத்து ஒரு மாலை முழுக்க ஆட்ட ஊர்வலம் நடத்த நினைக்கும் விழாக்குழுவுக்காக எழுதப்பட்டது இந்த அத்தியாயம். சேலம், நாமக்கல் பகுதிச் சிற்றூர்களையும் நகராட்சிகளையும் மனதில் வைத்து எழுதினாலும், மற்ற மாவட்டத்துக்காரர்களும் பயன்படுத்தலாம்.

முதலில் ஒரே ஒரு விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆட்ட ஊர்வலத்தின் உயிர் அது நிற்கும் இடங்களில் இருக்கிறது. நடந்துகொண்டே இருக்கும் குழுவால் ஆட முடியாது. காலை எடுத்து வைக்கத்தான் முடியும். வட்டம் கட்ட இடமும், அடவு மாற்ற நேரமும், சுற்றி நிற்க ஆட்களும் கிடைக்கும்போதுதான் ஆட்டம் சூடு பிடிக்கும். எவ்வளவு தூரம் போவது என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு, எங்கெங்கே எத்தனை நிமிடம் நிற்பது என்று முதலில் எழுதுங்கள். கலைஞர் தேர்வு, பாதை, வரிசை, அனுமதி, சம்பளம் எல்லாம் அந்தத் தாளிலிருந்து தானாக வரும்.

குகையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்

முன்மாதிரிக்கு எங்கும் போக வேண்டாம். குகை மாரியம்மன், காளியம்மன் கோயில் ஆடித் திருவிழாவில் நடக்கும் வண்டி வேடிக்கை, நூறாண்டைக் கடந்தது என்று அந்தப் பகுதிக்காரர்கள் பெருமையாகச் சொல்லும் வழக்கம். உள்ளூர் இளைஞர்கள் சிவன், பார்வதி, முருகன், நரசிம்மர் என்று வேடம் கட்டி, அலங்கரித்த வண்டிகளில் புராணக் காட்சியாக நின்றபடி வருவார்கள். ஒரு காலத்தில் மாட்டுவண்டி. இப்போது லாரியும் டிராக்டரும். சிறந்த வண்டிகளுக்குப் பரிசு உண்டு. அம்மாபேட்டை போன்ற பேட்டைகளிலும் இதே வழக்கம் இருக்கிறது.

இதிலிருந்து ஒரு விழாக்குழு எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று. ஒன்று, வேடம் கட்டுகிறவர்கள் பக்கத்துத் தெருக்காரர்கள். கிரீடத்துக்குக் கீழே இருப்பது யார் என்று கூட்டத்துக்குத் தெரியும். அதனால்தான் கூட்டம் நகராமல் நிற்கிறது. இரண்டு, ஒவ்வொரு வண்டியும் ஒரு தெருவின் பொறுப்பு. அலங்காரம், ஜெனரேட்டர், வேடக்காரர் சாப்பாடு எல்லாவற்றையும் அந்தத் தெருவே பார்த்துக்கொள்கிறது. செலவு ஒரே தலையில் விழுவதில்லை. மூன்று, பரிசு. பரிசுத் தொகை சிறிதாக இருந்தாலும் போட்டி பெரிதாக இருக்கிறது.

உங்கள் ஊர்வலத்துக்கும் இந்த ஏற்பாட்டையே வைத்துக்கொள்ளுங்கள். மையக் குழு பாதை, அனுமதி, பாதுகாப்பு ஆகியவற்றை மட்டும் பார்க்கட்டும். ஒவ்வொரு கலைக்குழுவையும் ஒரு தெரு அல்லது ஒரு சங்கம் ஏற்றுக்கொள்ளட்டும்.

நாள் குறித்தல்

ஆடி, பங்குனி, சித்திரை மாதங்களில் நல்ல குழுக்கள் கையில் கிடைப்பது அரிது. அந்த மாதங்களில்தான் நடத்த வேண்டும் என்றால் இரண்டு மாதம் முன்பே முன்பணம் கொடுத்துவிடுங்கள். வளர்பிறை முகூர்த்த நாட்களில் தவில், நாகசுரக்காரர்கள் கல்யாண மண்டபத்தில் இருப்பார்கள். தெருவிலும் கல்யாண வண்டிகள் நெருக்கும். ஊர்ச் சந்தை நாளைத் தவிருங்கள். திருச்செங்கோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம் போன்ற விசைத்தறி ஊர்களில் ஷிப்ட் மாறும் நேரத்தையும் வாரக்கூலி கிடைக்கும் நாளையும் விசாரித்துக்கொண்டு நேரம் வையுங்கள். பார்வையாளரும் கலைஞரும் தறியில் நிற்கும்போது தெருவில் யார் இருப்பார்கள்?

ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்கள். தை மாதம் வானமும் ஒத்துழைக்கும், பள்ளிப் பிள்ளைகளும் கிடைப்பார்கள். முதல் முறை நடத்துகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை தை.

யாரை அழைப்பது

சென்னையிலிருந்து ஆடல் பாடல் குழுவை வரவழைப்பதற்கு இந்த அத்தியாயம் தேவையில்லை. ஐம்பது கிலோமீட்டர் வட்டத்துக்குள் இருக்கும் கலைஞர்களைக் கொண்டே ஊர்வலம் நிறைந்துவிடும். அவர்களை ஆட்டத்தின் பெயரால் பிரிப்பதைவிட, தெருவில் எப்படி நகர்வார்கள் என்பதை வைத்துப் பிரித்துக்கொள்வது வேலைக்கு உதவும்.

நடந்தபடி ஆடக்கூடியவை: பறையாட்டம், கொங்கு ஒயிலாட்டம், சிலம்பம், காவடி, மயிலாட்டம், காளையாட்டம். இவற்றுக்கு ஐந்து, ஆறு மீட்டர் அகலத் தெரு போதும். நடையிலேயே அடவு போடுவார்கள். நிறுத்தத்தில் வட்டம் கட்டுவார்கள்.

நின்றால்தான் எடுபடுபவை: வள்ளிக்கும்மி, பெருஞ்சலங்கையாட்டம், கோலாட்டம். வள்ளி முருகன் கதையைப் பாடிக்கொண்டே வட்டமாக ஆடும் வள்ளிக்கும்மி இன்று கொங்குப் பகுதி முழுக்கப் பரவியிருக்கிறது. இந்தக் கலைக்காக மேட்டுப்பாளையம் பகுதியைச் சேர்ந்த பத்திரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஒரே நிறச் சேலையில் நூறு பேர் ஆடும் குழுவைக் குறுகிய தெருவில் நடக்கவிட்டால் கும்மி தெரியாது, கூட்டம்தான் தெரியும். அவர்களை ஊர்வலம் முடியும் மைதானத்தில் காத்திருக்கச் செய்யுங்கள். பெருஞ்சலங்கை கட்டியவர்களையும் நீண்ட தூரம் நடத்தாதீர்கள். கனத்த சலங்கைக் கட்டோடு தார்ச்சாலையில் ஒரு கிலோமீட்டர் நடந்த கால், ஆட வேண்டிய இடத்துக்கு வரும்போது ஓய்ந்திருக்கும்.

தாங்கு தேவைப்படுபவை: கரகாட்டம், பொய்க்கால் குதிரை. கட்டைக்கால் மேல் ஏறி, குதிரைக் கூட்டை இடுப்பில் மாட்டியவர் பள்ளம் மேட்டைக் குனிந்து பார்க்க முடியாது. கூடவே ஒரு ஆள் போக வேண்டும். இடையிடையே உட்கார உயரமான முக்காலி வேண்டும். சடங்குக்கு எடுக்கும் சக்தி கரகத்தையும் ஆட்டக் கரகத்தையும் ஒரே வரிசையில் விடாதீர்கள். முன்னது விரதமிருந்து எடுப்பது. அதன் வழியும் நேரமும் கோயில் சொல்கிறபடிதான். பின்னது கலை.

வண்டி மேல் வருபவை: தெருக்கூத்து வேடங்கள், வண்டி வேடிக்கைக் காட்சிகள்.

குழுக்களைத் தேடுவதற்கு வழிகள் பல. தமிழ்நாடு அரசு கலை பண்பாட்டுத் துறையின் மண்டல மையம் சேலத்தில் இருக்கிறது. மாவட்டக் கலை மன்றம் கலை இளமணி, கலை வளர்மணி, கலைச்சுடர்மணி, கலை நன்மணி, கலை முதுமணி என்று வயது வாரியாக விருது கொடுக்கிறது. அந்த விருது பெற்றவர்களின் பட்டியலே நல்ல தொடக்கம். 2007-இல் அமைந்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்தவர்களையும் விசாரிக்கலாம். மேட்டூர் வட்டாரத்து ஏர்வாடியில் எழுத்தாளர் மு. ஹரிகிருஷ்ணன் நடத்தும் களரி அமைப்பு, சேலம் பாணிக் கூத்து, பாவைக்கூத்துக் கலைஞர்களை ஒன்றுசேர்த்து வைத்திருக்கிறது. ஆடிப்பெருக்கையொட்டிக் கொல்லிமலையில் அரசு நடத்தும் வல்வில் ஓரி விழாவுக்கு ஒருமுறை போய்வந்தால் மாவட்டத்துக் குழுக்கள் பலவற்றை ஒரே இடத்தில் பார்த்துவிடலாம். உங்கள் ஊர் அரசுப் பள்ளியை மறக்காதீர்கள். 2022-23 முதல் நடக்கும் பள்ளிக் கலைத் திருவிழாவால் பறையும் ஒயிலும் பழகிய பிள்ளைகள் பல பள்ளிகளில் இருக்கிறார்கள்.

முதல் முறைக்கு ஆறு குழு போதும். பத்து வைத்தால் மேய்க்க முடியாது.

பேசி முடித்தல்

கைப்பேசியில் பேசி முடிக்காதீர்கள். நேரில் போய், வெற்றிலை பாக்கோடு முன்பணம் கொடுங்கள். அனுபவமுள்ள கூத்து வாத்தியாரிடம் போனால் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்:

“வாத்தியாரே, எட்டுப் பேரு வந்தா எவ்வளவு ஆவுங்க?”

“அது கெடக்குதுங்க தம்பி. எத்தன எடத்துல நிறுத்தி ஆட உடுவீங்க? அதச் சொல்லுங்க மொதல்ல.”

உங்களிடம் நிறுத்தத் தாள் தயாராக இருந்தால் இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லலாம். பேச்சில் முடிவாக வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்:

1. எத்தனை கலைஞர், எத்தனை உதவியாள்.
2. எத்தனை மணிக்கு வர வேண்டும், எத்தனை மணிக்கு விடுவோம்.
3. மொத்தச் சம்பளம், முன்பணம், பாக்கி கொடுக்கும் நேரம்.
4. போக்குவரத்து சம்பளத்துக்குள்ளா, தனியா.
5. சாப்பாடு, ஒப்பனை இடம், இரவு தங்கல்.
6. மழையால் நின்றுபோனால் எவ்வளவு தருவோம்.

ஆறாவதைப் பெரும்பாலான குழுக்கள் பேசுவதே இல்லை. வேனுக்கு வாடகை கொடுத்து, நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள் மழை பெய்ததற்குப் பொறுப்பல்ல. முன்பணத்தைத் திருப்பிக் கேட்பதில்லை என்றும், வந்து சேர்ந்துவிட்டால் பாதிச் சம்பளமாவது உண்டு என்றும் எழுதிவிடுங்கள்.

இன்னொன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பறை, பம்பை அடிக்கிறவர்களைக் கூலிக்கு வந்த ஆட்களாக நடத்தும் பழக்கம் இந்த மாவட்டங்களில் முழுதாக ஒழியவில்லை. மற்றவர்கள் பந்தியில் உட்கார, அவர்களுக்கு மட்டும் பொட்டலம். மற்றவர்களுக்கு மேடையில் துண்டு, அவர்களுக்கு ஓரத்தில் நிற்க இடம். உங்கள் ஊர்வலத்தில் எல்லாக் கலைஞருக்கும் ஒரே பந்தி, ஒரே மரியாதை. பாதையும் அப்படியே: மேலத்தெரு, கீழத்தெரு, காலனி எல்லாவற்றையும் தொட்டுப் போக வேண்டும். ஊருக்குப் பாதியைத் தவிர்த்துவிட்டுப் போவதை ஊர் ஊர்வலம் என்று சொல்ல முடியாது. இதில் பிணக்கு வரும் என்று தோன்றினால் நோட்டீஸ் அச்சடிப்பதற்கு முன்பே பெரியவர்களை உட்காரவைத்துப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். அன்று மாலை தெருவில் தீர்க்க முடியாது.

பாதையும் நேரமும்

பாதையை வரைபடத்தில் முடிவு செய்யாமல், ஊர்வலம் போகும் அதே மாலை நேரத்தில் நடந்து பாருங்கள். கையில் அளவு நாடாவும் நோட்டும் இருக்கட்டும். குறிக்க வேண்டியவை: தெருவின் மிகக் குறுகிய அகலம், தாழ்ந்த மின்கம்பி, கேபிள் கம்பி, வேகத்தடை, திறந்த சாக்கடை, வண்டி திரும்ப முடியாத முனை, மருத்துவமனை, பேருந்து வழி. சேலம், நாமக்கல் வழியாகப் போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்கும் எண்ணமே வேண்டாம். ஊருக்குள்ளேயே சுற்றி வாருங்கள்.

நிறுத்தம் எங்கே வைப்பது? கோயில் முன்வெளி, மந்தை, முச்சந்தி, அகலமான கடைவீதி. ஓரமாக ஒதுங்க இடம் இருக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வந்தால் அந்த ஓரம்தான் வழி விடும்.

இப்போது கணக்கு. பாதை 1.5 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆடியபடி போகும் குழு நிமிடத்துக்கு 20 மீட்டர் நகரும் என்று கொண்டால் நடைக்கு மட்டும் 75 நிமிடம். ஐந்து நிறுத்தம், ஒவ்வொன்றும் 12 நிமிடம் என்றால் 60 நிமிடம். ஆக 2 மணி 15 நிமிடம். மாலை 6 மணிக்குக் கிளம்பினால் ஊர்வலத்தின் தலை 8.15-க்குச் சேரும். ஆறு குழுவும் இடைவெளியும் சேர்த்து ஊர்வலத்தின் நீளம் 300 மீட்டர். வால் வந்து சேர இன்னும் 15 நிமிடம், 8.30. மைதானத்தில் ஊர் முன்னால் ஒவ்வொரு குழுவும் ஐந்து நிமிடம் ஆடினால் 9 மணி. பிறகு அரை மணி நேரம் வள்ளிக்கும்மி. 9.30-க்கு எல்லாம் முடியும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. அரை மணி நேரம் கையிருப்பில் வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறோம். அது நிச்சயமாகச் செலவாகும்.

நிறுத்தம் என்றால் தலை முதல் வால் வரை எல்லாரும் நிற்பது. ஒவ்வொரு குழுவும் தான் நிற்கும் இடத்திலேயே வட்டம் கட்டி ஆடும். அதனால் தெரு முழுக்க ஒரே நேரத்தில் ஆறு களம் உருவாகும். முச்சந்தியில் நெரிசல் குறையும்.

வரிசை

ஊர்வலம் வருகிறது என்று தெருவுக்குச் சொல்ல முதலில் ஒரு சத்தம் வேண்டும். இலங்கையில் கண்டி எசல பெரஹராவில் சாட்டை வீசுகிறவர்கள் முன்னால் வந்து வழி திறப்பார்கள். நமக்குப் பறை இருக்கிறது. பறையை முன்னால் வைப்பதற்குக் காரணம் அதன் வீச்சு. அந்தக் குழுவின் பெயரையும் ஆசானின் பெயரையும் சொல்லி, மாலை போட்டு, ஊர்வலத்தையே அவர்கள் தொடங்கிவைக்கும்படி செய்யுங்கள்.

அதற்குப் பின் சிலம்பம், பள்ளிப் பிள்ளைகள், ஒயிலாட்டம், நையாண்டி மேளத்தோடு கரகமும் பொய்க்கால் குதிரையும், கடைசியில் பம்பையோடு கூத்து வேடங்கள் ஏறிய வண்டி. பிள்ளைகளை நடுவில் வைப்பது பாதுகாப்புக்கு. வண்டியைக் கடைசியில் வைப்பதும் அதற்காகத்தான். ஆடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் நகரும் லாரி எப்போதும் ஆபத்து.

இரண்டு மேளத்துக்கு நடுவில் குறைந்தது 40, 50 மீட்டர் விடுங்கள். பறையின் தாளமும் தவிலின் தாளமும் ஒரே இடத்தில் மோதினால் இரண்டு ஆட்டமும் கெடும். சத்தமில்லாத குழுவை, சிலம்பத்தையோ பிள்ளைகளையோ, இடையில் வைத்தால் அந்த இடைவெளி வெறுமையாகத் தெரியாது.

ரியோ டி ஜெனிரோவில் சம்பா அணிவகுப்புக்காகவே 1984-இல் ஒரு சாலையைத் தனி அரங்கமாகக் கட்டினார்கள். அதன் ஓரத்தில் மேளக்காரர்கள் ஒதுங்கி நிற்க ஓர் ஒதுக்கிடம் உண்டு. நடுவழியில் மேளம் அதற்குள் போய் நின்று அடித்துக்கொண்டே இருக்கும். அந்த அணியின் ஆட்டக்காரர்கள் அந்தத் தாளத்துக்கு ஆடியபடி கடந்து போவார்கள். பிள்ளைகளுக்கும் ஒயிலாட்டக் குழுவுக்கும் தனி மேளம் வைக்க வசதியில்லாத விழாக்குழு இதைக் கடன் வாங்கலாம். கடைசி முச்சந்தியில் பறைக்குழுவை ஓரமாக நிறுத்துங்கள். அவர்கள் அடிக்க, மற்றவர்கள் ஆடிக்கொண்டே மைதானத்துக்குள் நுழையட்டும்.

அறிவிப்புக்கு மைக் பிடிக்கும் ஆளைத் தனியாகத் தேட வேண்டாம். கூத்துக் கோமாளியைக் கேளுங்கள். எந்தக் குழு, எந்த ஊர், அடுத்து எங்கே நிறுத்தம் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும். ஊர்ப் பெரியவர்களையும் சேர்த்துக் கேலி செய்து கூட்டத்தைக் கட்டிப் போட்டுவிடுவார்.

அனுமதி

மூன்று வாரம் முன்பே எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். சேலம் மாநகருக்குள் என்றால் மாநகரக் காவல் ஆணையரகம். மற்ற இடங்களில் உள்ளூர்க் காவல் நிலையம் வழியாக டிஎஸ்பி அலுவலகம். விண்ணப்பத்தோடு பாதை வரைபடம், நிறுத்தங்களின் நேரம், குழுக்களின் பட்டியல், வண்டிகளின் எண், பொறுப்பாளர்கள் கையெழுத்து ஆகியவற்றை இணையுங்கள். நேரம் போட்ட தாளோடு போகிறவர்களை அதிகாரிகள் அதிகம் அலைக்கழிப்பதில்லை.

உள்ளாட்சி அலுவலகத்தில் சாலைப் பயன்பாட்டுக்கும் துப்புரவுக்கும், மின்வாரியத்தில் கம்பி உயரத்துக்கும், கோயில் சார்ந்தது என்றால் அறநிலையத் துறைக்கும் கடிதம். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். அந்த இடத்தை மேளத்தை நிறுத்தி, வெறும் நடையாகக் கடந்து போங்கள். பிளக்ஸ் பேனருக்குத் தனி அனுமதி வேண்டும். சாலையில் வைத்த பேனர் சரிந்து உயிர் போன சம்பவம் 2019-இல் பள்ளிக்கரணையில் நடந்தது. துணியில் எழுதிக் கட்டினால் செலவும் குறைவு, ஆபத்தும் இல்லை. சாதிப் பெருமைப் பாட்டு, கட்சிக் கொடி, ஆபாச ஆட்டம் மூன்றும் கூடாது என்று காவல்துறை எப்படியும் நிபந்தனை போடும். நீங்களே முன்கூட்டி எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

வண்டி, வெளிச்சம், மின்சாரம்

லாரிக்குப் பேர்போன நாமக்கல் மண்ணில் வண்டிக்குப் பஞ்சமில்லை. அதனாலேயே ஆளுக்கொரு பெரிய வண்டி கொண்டுவரும் ஆசையும் அதிகம். டிராக்டர் டிரெய்லர் போதும். தாழ்வாக இருப்பதால் வேடமும் கண்ணுக்கு நெருக்கமாகத் தெரியும். தரையிலிருந்து அலங்காரத்தின் உச்சி வரை உயரத்தை அளந்து, பாதையின் மிகத் தாழ்ந்த கம்பியோடு ஒப்பிடுங்கள். 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூர் களிமேட்டில் சப்பரம் உயரழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். மூங்கில் கழியால் கம்பியைத் தூக்கிவிட்டு வண்டியை நுழைக்கும் வேலை எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். மின்வாரிய ஊழியர் உடன் வந்து, வண்டி கடக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். முடியாது என்றால் அலங்காரத்தைக் குறையுங்கள்.

ஜெனரேட்டரை வேடக்காரர் நிற்கும் டிரெய்லரில் ஏற்றாதீர்கள். தீயணைப்புக் கருவி ஒன்று வண்டியில் கட்டாயம். பட்டாசு வேண்டாம், குறிப்பாக உயிருள்ள நாட்டியக் குதிரை வரும் ஊர்வலத்தில். ஒரு சரவெடி போதும், குதிரை கூட்டத்துக்குள் பாய்ந்துவிடும்.

தோல் காய்ச்ச இடம்

ஆடிச் சாரலிலும் தை மாதப் பனியிலும் பறையின் தோல் தளர்ந்துவிடும். அடித்தால் மந்தமாக ஒலிக்கும். உடனே நெருப்பில் காட்ட வேண்டும். பறைக்காரர் வளையத்தை இரண்டு கையாலும் பிடித்து, தோலைச் சுடருக்கு எட்டாமல் சுழற்றிச் சுழற்றி வாட்டி, இடையிடையே குச்சியால் ஒரு தட்டு தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். மந்தம் போய்க் கணீரென்று எழுந்ததும் சிரித்துக்கொண்டு எழுவார். கொஞ்சம் அதிகம் காய்ந்தால் தோல் கிழிந்துவிடும். அந்த அளவு அவருக்கு மட்டும்தான் தெரியும்.

விழாக்குழு செய்ய வேண்டியது, ஒன்றுவிட்டு ஒரு நிறுத்தத்தில் அதற்கு இடம் ஒதுக்குவது. பாதியாக வெட்டிய தகர டிரம், உலர்ந்த வைக்கோல் அல்லது தென்னை ஓலை, ஒரு வாளித் தண்ணீர், காவலுக்கு ஒருவர். தார் மேல் நேராகத் தீ மூட்டக் கூடாது. துணிப்பந்தலுக்குக் கீழே கூடவே கூடாது. இப்போது பல குழுக்கள் பைபர் தோல் பறையும் வைத்திருக்கிறார்கள். மழைக்கு அது கைகொடுக்கும், ஆனால் நாதம் வேறு. இரண்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

ஒப்பனையும் சாப்பாடும்

கூத்து வேடத்துக்கு முகம் எழுதவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கிரீடம், புஜக்கட்டை கட்ட இன்னும் நேரம். 6 மணி ஊர்வலத்துக்கு அவர்கள் 3 மணிக்கே வந்துவிட வேண்டும். பள்ளி வகுப்பறை அல்லது சமுதாயக்கூடம் சரியான இடம்: விளக்கு, மின்விசிறி, கண்ணாடி, பாய், பூட்டக்கூடிய கதவு. பெண் கலைஞர்களுக்குத் தனி அறையும் தண்ணீர் வரும் கழிப்பறையும் இல்லாமல் நிகழ்ச்சியை ஒப்புக்கொள்ளாதீர்கள். கரகம் ஆடும் பெண்களிடம் கூட்டத்தில் யாராவது ரூபாய் நோட்டு குத்த வந்தால் தடுக்க இரண்டு பெண் தொண்டர்கள் கூடவே நடக்கட்டும். அன்பளிப்பு கொடுக்க விரும்புகிறவர்களுக்கு உண்டியல் ஒன்று வைத்துவிடுங்கள்.

ஆடப் போகிறவர்களுக்கு முன்னதாக வயிறு நிறையச் சோறு போடக் கூடாது. நான்கு மணிக்கு இட்லி, டீ. ஒவ்வொரு நிறுத்தத்திலும் தண்ணீர், பானகம் அல்லது நீர்மோர். முழுச் சாப்பாடு முடிந்த பிறகு. பிளாஸ்டிக் டம்ளரும் தண்ணீர்ப் பாக்கெட்டும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. கடைவீதிச் சங்கத்திடம் எவர்சில்வர் டம்ளர் கேட்டால் கிடைக்கும்.

அன்று மாலை

குழுவுக்கு நான்கு தொண்டர் வீதம் ஆறு குழுவுக்கு 24 பேர் வேண்டும். இருவர் பக்கவாட்டில் கயிறு பிடிப்பார்கள், ஒருவர் தண்ணீர், ஒருவர் செய்தி. தலையிலும் வாலிலும் கொடியும் விசிலும் வைத்திருக்கும் இரண்டு மூத்தவர்கள். சிவப்புக் கொடி உயர்ந்தால் எல்லாரும் நிற்க வேண்டும். பச்சை உயர்ந்தால் நடக்கலாம். வால் பச்சை காட்டாமல் தலை நகரக் கூடாது. இந்த ஒரு கட்டுப்பாடு இருந்தால் ஊர்வலம் நடுவில் அறுபடாது.

நிறுத்தத்தில் கூட்டத்திலிருந்து இளைஞர்கள் ஆட இறங்குவார்கள். தடுக்காதீர்கள். கடைசி மூன்று நிமிடம் அவர்களுக்கு என்று முன்பே அறிவித்துவிட்டால், முதல் ஒன்பது நிமிடம் கலைஞர்களுக்குத் தடையின்றிக் கிடைக்கும். குடித்துவிட்டு வருகிறவர்களை அவர்கள் சொந்தக்காரர்களை வைத்தே வெளியே கூட்டிப்போங்கள். முதலுதவிப் பெட்டி வாலில் இருக்கட்டும். அருகிலுள்ள 108 வண்டி எங்கே நிற்கும் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தூறல் என்றால் தொடரலாம். கனமழை என்றால் மின் இணைப்பை முதலில் துண்டியுங்கள். பிறகு கருவிகளைத் தார்ப்பாய்க்குள் ஏற்றி, எல்லாரையும் முன்பே பேசி வைத்த மண்டபத்துக்குக் கொண்டுபோங்கள். ஆட்டத்தை அங்கேயே நடத்தி முடிக்கலாம்.

கணக்கு முடித்தல்

ஒரு விழாக்குழுவுக்கு அடுத்த ஆண்டு நல்ல கலைஞர் கிடைப்பாரா என்பது இந்த இரவில் முடிவாகிவிடும். மைதானத்தில் கும்மி நடந்துகொண்டிருக்கும்போதே பொருளாளர் ஒப்பனை அறைக்குப் போய், பேசிய பாக்கியைக் குழுத்தலைவர் கையில் எண்ணிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கட்டும். வசூல் குறைந்தது, நாளைக்கு வாருங்கள் என்று சொல்லும் குழுவின் பெயர் ஒரே வாரத்தில் மாவட்டம் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும். கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்யாதவர் யாராவது இருந்தால் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கும் உதவியையும் அந்த இடத்திலேயே செய்யலாம். நீங்கள் தரும் சான்றுக் கடிதம் அவர்களுக்குப் பயன்படும்.

கடைசியாக நோட்டீஸ் பற்றி. நன்கொடையாளர் பெயர்களும் விழாக்குழுப் படங்களும் நிறைந்த நோட்டீஸில் கலைஞர்கள் “மேளதாளம் முழங்க” என்ற இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள். அடுத்த முறை அச்சகத்துக்குப் போகும்போது ஆசான், வாத்தியார், ஆடுகிறவர்கள் அத்தனை பேரின் பெயரையும் ஊரோடு சேர்த்து முதல் பக்கத்தில் போடச் சொல்லுங்கள். உங்கள் பெயர் பின்பக்கத்தில் இருந்தால் போதும்.